கோரைக்கும் ஒரு தொட்டி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் கவிதை எழுதுபவர்கள் கவிதை எழுதிவிட்டார்கள். கிரிக்கெட் தெரிந்தவர்கள் கிரிக்கெட் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது கோரை. "கோரையா? அது களையாச்சே!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. முதல் தடவை ஒரு கோரைச் செடியை நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, பெண்ணாடத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தபோது அப்பாவும் இதைத்தான் கேட்டார். "ஏன்டா, நம்ம வயல்ல இருக்கற கோரை போதாதா? வெளியூர்லேருந்து வேற விலைக்கு வாங்கியாறணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அது எவ்வளவு பெரிய நியாயம் என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடத்தை முடித்துவிடுவோம்.

கோரை எது? புல் எது?

பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் தாவரவியல்படி இரண்டும் வேறு வேறு குடும்பம். நெல், மூங்கில், கரும்பு, அருகம்புல் எல்லாம் ஒரு குடும்பம். கோரைகள் 'சைப்பரேசி' என்னும் தனிக் குடும்பம். உலகம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோரை வகைகள் உண்டு.

அடையாளம் காண மைக்ரோஸ்கோப் வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். தண்டைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். பெரும்பாலான கோரைகளின் தண்டு முக்கோண வடிவம். உருளாமல் மூன்று முனை விரலில் தட்டும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். அடுத்து கணு இருக்கிறதா என்று பாருங்கள். கரும்பு உள்ளே கெட்டிதான், ஆனால் கணு உண்டு. கோரையின் தண்டு உள்ளே சோறு நிறைந்து, பெரும்பாலும் கணுவே இல்லாமல் அடியிலிருந்து நுனி வரை ஒரே குச்சியாகப் போகும். மூன்றாவது அடையாளம் இலை. புல்லுக்கு இலைகள் இரண்டு வரிசை, கோரைக்கு மூன்று வரிசை.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். 'கஞ்சாங்கோரை' என்பது துளசி இனத்துச் செடி, கோரையே இல்லை. ஏரியில் பழுப்பு நிற மெழுகுவர்த்தி போல நிற்கிற சம்பும் கோரை இல்லை. அது வேறு குடும்பம்.

கணு இல்லாத நீளத் தண்டுதான் கோரையின் பலம். அதனால்தான் அது பாய் ஆயிற்று. கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்கோரையை நெல் மாதிரியே பயிராக வளர்க்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நேராக நீட்டிக்கொண்டு நிற்கும் தலைமுடியை 'கோரைமுடி' என்று நம் பாட்டிமார்கள் சொல்வதும் இந்தத் தண்டைப் பார்த்துத்தான்.

எகிப்தில் நைல் நதிக் கோரையின் உள்சோற்றைச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்திக் காய வைத்துத் தாள் செய்தார்கள். அதுதான் பாப்பிரஸ். 'பேப்பர்' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட தாள் ஒன்றில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், சேர நாட்டு முசிறித் துறைமுக வணிகத்தைப் பற்றிய ஒப்பந்தம் கிரேக்க மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. பின்பக்கம் ஒரு கப்பலில் வந்த சரக்குக் கணக்கு. அதில் யானைத் தந்தமும் உண்டு. 1985-இல் அறிஞர்கள் அதை வெளியிட்டார்கள். இன்று அது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. நம் மண்ணின் வியாபாரத்துக்குச் சாட்சி சொன்னது ஒரு கோரைத் தாள் என்பதை நினைத்தால் களை என்று காலால் தள்ள மனசு வருமா?

தோட்டத்துக்கு ஏற்ற கோரைகள்

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் அழகுக் கோரை என்றால் பெரும்பாலும் 'கேரெக்ஸ்' இனத்தைத்தான் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர் நாட்டுச் செடிகள். நம்ம விருத்தாசலம் வெயிலுக்கு அவை லாயக்கில்லை. நமக்கு ஒத்து வருபவை இவை:

1. குடைக் கோரை. பழைய புத்தகங்களில் 'சைப்பரஸ் ஆல்டர்னிஃபோலியஸ்' என்றும், இப்போது 'சைப்பரஸ் இன்வலுக்ரேட்டஸ்' என்றும் எழுதுகிறார்கள். மூன்று முதல் ஐந்து அடி உயரம். தண்டின் உச்சியில் குடைக்கம்பிகளை விரித்த மாதிரி பச்சை இதழ்கள். நிழல், வெயில் இரண்டையும் தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் சரி.

2. பாப்பிரஸ். எகிப்துக்காரர்களின் தாள் செடி. தண்ணீரும் வெயிலும் கிடைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டும். உச்சியில் நூல் நூலாகத் தலை. காற்றில் சாயும், சுவர் ஓரம் வைப்பது நல்லது.

3. குட்டைப் பாப்பிரஸ். 'சைப்பரஸ் ப்ரோலிஃபர்'. இரண்டு மூன்று அடிதான். சின்னத் தொட்டிக்கு ஏற்றது.

4. நட்சத்திரக் கோரை. 'ரிங்கோஸ்போரா கொலராட்டா'. உச்சியில் வெள்ளை நட்சத்திரம் போல இருக்கும். நட்சத்திரம் பூ இல்லை, இலைதான்! நடுவில் இருக்கும் சின்ன மொட்டுத்தான் பூங்கொத்து.

தொட்டி: இது நம்ம துறை

மற்ற செடிக்குத் தொட்டியில் ஓட்டை வேண்டும். இந்தக் கோரைகளுக்கு ஓட்டை கூடாது. வேர் எப்போதும் ஈரத்தில் நிற்க வேண்டும். நான் முதலில் வாங்கியது சாதாரண மண்தொட்டி. அடி ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, பெரிய இன்ஜினியர் மாதிரி நினைத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் இல்லை. தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. இலை நுனியெல்லாம் கருகியது.

ஏன் என்று வகுப்பில் நீர் உறிஞ்சும் தன்மைச் சோதனை செய்த அன்றைக்குத்தான் விளங்கியது. சுட்ட துண்டை உலர்த்தி எடை போடு. தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடு. கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கு. உதாரணமாக, உலர்ந்த எடை 800 கிராம், ஊறிய எடை 912 கிராம் என்றால் உறிஞ்சிய நீர் 112 கிராம், அதாவது 14 சதவீதம். ஆயிரம் டிகிரிக்குள் சுட்ட மண்பாண்டத்துக்கு இது சகஜம். பானைத் தண்ணீர் குளிர்வது இந்தத் துளைகளால்தான். தண்ணீர் துளை வழியாக வெளியே வந்து ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. பானைக்கு எது குணமோ அதுவே கோரைத் தொட்டிக்குக் குற்றம்.

1200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் உடம்பு கண்ணாடித் தன்மை பெற்று இறுகிவிடும். மிகக் கொஞ்சமே உறிஞ்சும். கிளேஸ் போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆகவே கிளேஸ் போட்ட தொட்டி, உடைசல் இல்லாத பழைய ஊறுகாய் ஜாடி, ஓட்டையை அடைத்த பழைய வாஷ்பேசின் எதுவும் ஆகும்.

காசில்லாத மாணவனுக்கு இன்னொரு வழி உண்டு. பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் சுடும் சூளைகளில், சரக்கை அடுக்கி வைக்கும் சாகர் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பலமுறை சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு, மயிரிழை விரிசல் விட்டதும் ஒதுக்கிவிடுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமல் எடுக்காதீர்கள்! சாகரும் கசியும், அதில் பொடித்த செங்கல் போன்ற சுட்ட மண் கலந்திருப்பதால் துளைகள் நிறைய. உள்ளே சிமெண்ட் பாலை இரண்டு கோட் அடித்து, ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு முறை மாற்றிக் கொட்டிவிட்டு, பிறகு நடுங்கள். சிமெண்டின் காரம் போக வேண்டும்.

நடும் முறை

தொட்டி ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம் இருந்தால் போதும். வண்டல் மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் போட்டால் தேங்கிய தண்ணீரில் அழுகி நாறும். விளிம்புக்குக் கீழே நான்கு அங்குலம் வரை இந்தக் கலவை. அதற்குமேல் இரண்டு அங்குலம் சின்ன ஜல்லி. ஜல்லி ஏன் என்பதைக் கொசு பாடத்தில் சொல்கிறேன்.

கன்று உண்டாக்க இரண்டு வழி.

முதல் வழி, தூரைப் பிரிப்பது. முற்றிய புதரைத் தொட்டியோடு கவிழ்த்து, கத்தியால் தூரை நான்காக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாக நடலாம். ஆடிக்குப் பிறகு வெயில் தணிந்ததும் செய்தால் ஒன்றும் தவறாது.

இரண்டாவது வழி குடைக் கோரைக்கே உரிய வேடிக்கை. முற்றிய குடை ஒன்றை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டுங்கள். குடை இதழ்களைப் பாதி நீளத்துக்குக் கத்தரியுங்கள். அதைத் தலைகீழாக, தண்டு மேலே, குடை கீழே இருக்கும்படி தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இதழ்கள் சேரும் இடத்திலிருந்து வேரும் குருத்தும் வரும். ஆற்றோரத்தில் முற்றிய தண்டு சாய்ந்து, குடை தண்ணீரைத் தொட்டதும் அங்கேயே வேர் பிடிப்பது இதன் இயல்பு. நாம் அந்த இயல்பைத்தான் டப்பாவில் செய்து பார்க்கிறோம். தண்ணீரை மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பராமரிப்பு

தண்ணீர்தான் முதல் விஷயம். ஒரு வாரம் ஊருக்குப் போவதானால் தொட்டியை நிழலுக்கு மாற்றி நிரப்பிவிட்டுப் போங்கள். நுனி கருகினால் இரண்டே காரணம்: ஒன்று காய்ச்சல், இன்னொன்று உப்பு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் மாதம் ஒருமுறை மேலிருந்து நிறைய ஊற்றி வழியவிட்டு உப்பைக் கழுவுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அமிர்தம்.

பழுத்த தண்டைப் பாதியில் வெட்டாதீர்கள், அடியோடு வெட்டுங்கள். பாதியில் வெட்டிய தண்டு மறுபடி வளராது, காய்ந்த குச்சியாக நிற்கும். உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மக்கிய உரம் போதும். அசுவினியோ மாவுப்பூச்சியோ வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து நடாவிட்டால் தூர் பெருத்துத் தொட்டியையே பிளக்கும்.

நான் செய்த தவறு

இப்போது அப்பாவின் நியாயத்துக்கு வருகிறேன்.

முதல் தொட்டிக்கு மண் வேண்டும் என்று வெள்ளாற்றங்கரையிலிருந்து ஒரு சாக்கு வண்டல் அள்ளி வந்தேன். சலிக்கவில்லை. நட்ட ஒரு மாதத்தில் குடைக் கோரையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பச்சைக் குருத்துகள் வந்தன. "குட்டி போட்டிருக்கு!" என்று சந்தோஷப்பட்டேன். அவை குட்டிகள் இல்லை. கோரைக்கிழங்கு. 'சைப்பரஸ் ரோட்டண்டஸ்'. உலகத்தின் மிக மோசமான களை என்று களையியல் அறிஞர்கள் முதலிடம் கொடுத்த செடி. சித்த வைத்தியத்தில் அதன் கிழங்கு மருந்து. வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் வயலில் அது விவசாயிக்கு எமன்.

தெரிந்த பிறகும் மேலே இருந்ததை மட்டும் பிடுங்கிப் போட்டேன். மறு வருஷம் தூரைப் பிரித்தபோது பழைய மண்ணை, சும்மா போகிறதே என்று, எருக்குழியில் கொட்டினேன். அந்த எரு மல்லாட்டைக் கொல்லைக்குப் போனது. விதைத்த மூன்றாம் வாரம் வரிசைக்கு நடுவில் கோரை ஊசி ஊசியாகக் கிளம்பியது.

கோரைக்கிழங்கு மண்ணுக்கடியில் சங்கிலி போலத் தொடர்ந்து போகும். ஒன்றைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, உறங்கிக் கொண்டிருந்த மற்றக் கிழங்குகள் முளைக்கும். மல்லாட்டையில் விழுது இறங்க ஆரம்பித்துவிட்டால் கொத்தவும் முடியாது. கொத்தினால் விழுது அறுந்துவிடும். அதனால் அம்மா அந்த வருஷம் இரண்டு களையோடு நிற்காமல் மூன்றாவது முறை கையாலேயே பிடுங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "நீ படிக்கற படிப்புக்கு நான் குனிஞ்சு களை எடுக்கணுமாடா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு மூலை இன்னும் முழுசாகச் சுத்தமாகவில்லை. கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிட்டு, அடுத்து நிழல் கட்டும் பயிராகப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி வருகிறோம். வெயிலில் காய்ந்தால் கிழங்கு சாகும். நிழலில் செடி நலியும். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அப்பா சொன்னார்.

ஆகவே மூன்று விதிகளைச் சொல்கிறேன். தயவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: தொட்டி மண்ணைச் சலித்து, வெயிலில் ஒரு வாரம் பரப்பிக் காயவைத்த பிறகே போடுங்கள்.

இரண்டு: தொட்டியில் புதிதாக எது முளைத்தாலும் தோண்டி அடியைப் பாருங்கள். கருப்பு மணி போலக் கிழங்கு இருந்தால் அது எதிரி. குடைக் கோரைக்குக் கிழங்கு கிடையாது. கட்டைத் தூர் மட்டும்தான்.

மூன்று: பிரித்த மிச்சத்தை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். குடைக் கோரையும் பாப்பிரஸும் அமெரிக்காவின் ஃப்ளோரிடா போன்ற இடங்களில் தோட்டத்திலிருந்து தப்பித்து நீர்நிலைகளில் பரவியிருக்கின்றன. அழகுக்கு என்று கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்க ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். மிச்சத்தைக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

கொசு வராமல் இருக்க

தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அழகுக்குச் செடி வைத்துவிட்டு அறைத்தோழனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நியாயமில்லை. அதற்குத்தான் மேலே ஜல்லி. தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும். வேருக்குத் தண்ணீர் இருக்கும். கொசுவுக்குத் தண்ணீர் தெரியாது. மழை பெய்தாலும் மட்டம் ஏறாமலிருக்க, அந்த உயரத்தில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள். தண்ணீர் வெளியே தெரிகிற பெரிய தொட்டி என்றால் நாலு கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும்.

கை கழுவும் தண்ணீரும் கோரையும்

கடைசியாக, நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை. கோரைத் தண்டுக்குள் காற்றுக்குழாய் போன்ற இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியாக வேருக்கு ஆக்சிஜன் இறங்குகிறது; கொஞ்சம் வேரைச் சுற்றியுள்ள சேற்றுக்கும் கசிகிறது. வேரிலும் ஜல்லியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950-களிலேயே நீர்க்கோரையை வைத்து இதைச் சோதித்தார். நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இப்படிப்பட்ட செடிப் படுகைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். படுகை நீளம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் அரை மீட்டர். கொள்ளளவு 1.5 கன மீட்டர். ஜல்லிக்கு இடையே வெற்றிடம் சுமார் 40 சதவீதம். அப்படியானால் தண்ணீர் பிடிப்பது 0.6 கன மீட்டர், அதாவது 600 லிட்டர். கை கழுவும் இடத்திலிருந்து தினம் 200 லிட்டர் வந்தால், ஒவ்வொரு துளியும் சராசரி 3 நாள் படுகையில் தங்கும். முதலில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்க ஒரு சின்ன வண்டல் தொட்டி, பிறகு படுகை, கடைசியில் மட்டம் வைக்க ஒரு வளைந்த குழாய். அவ்வளவுதான். வெளியே வரும் தண்ணீரைக் குடிக்கக் கூடாது; வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். சிவில்காரர்கள் படுகை கட்டட்டும், மெக்கானிக்கல்காரர்கள் குழாய் வைக்கட்டும், தொட்டியும் ஜல்லிக்கு உடைசலும் பீங்கான் துறை பொறுப்பு. ஒரு பிராஜெக்ட் ஆயிற்று!

முடிவாக

இப்போது எங்கள் வீட்டு வாசலில் மூன்று சாகரில் குடைக் கோரை நிற்கிறது. அப்பா இன்னும் அதை "உன் களை" என்றுதான் சொல்கிறார். ஆனால் நான் பிராக்டிகல் முடிந்து கடைசி ரயிலில் வரும் நாட்களில், தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பது அவர்தான். ஆற்று மண்ணை மட்டும் அதன் பக்கத்தில் விடமாட்டார்.

களைக்கும் செடிக்கும் உள்ள வித்தியாசம் செடியில் இல்லை. அதை எங்கே வைக்கிறோம், எப்படிக் காக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைத் தெரியாமல் வைத்ததற்கு என் அம்மாவின் இடுப்பு விலை கொடுத்தது. நீங்கள் அந்த விலை கொடுக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

ஆடி முடிந்ததும் தூர் பிரிக்கப் போகிறேன். கன்று வேண்டுபவர்கள் வகுப்பில் வந்து கேளுங்கள், இலவசமாகவே தருகிறேன். ஒரே நிபந்தனை: வேரில் ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவித்தான் தருவேன். தொட்டியும் மண்ணும் உங்கள் பொறுப்பு.